உபைதுல்லா என்கிற காலிப் பெட்டி

உபைதுல்லா ஒரு மனிதன் என்பதில் தண்டையார்பேட்டையில் யாருக்கும் அதுவரை சந்தேகம் வந்ததில்லை. சன்னலோரம் வைத்து வைத்துக் கறுத்துப்போன வலது முழங்கை, டீயில் சர்க்கரை குறைந்தால் சுருங்குகிற முகம், வெள்ளிக்கிழமை மட்டும் வெளியே வருகிற வெள்ளைச் சட்டை என்று மனிதனுக்குரிய அடையாளங்கள் எல்லாம் அவனிடம் சரியாகவே இருந்தன. இளவயதில் கிளீனராக வண்டி ஏறி, பிறகு ஸ்டியரிங் பிடித்து, எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் டிரெய்லர்களின் வரிசையில் நின்றே பாதி ஆயுளைக் கழித்தவன். அந்த வரிசையில்தான் அவனுக்கு நிக்காஹ் பேசி முடித்தார்கள். மகள் உஸ்மா பிறந்த செய்தியும் அந்த வரிசையில்தான் வந்தது.

அன்று காலை துறைமுகத்தின் வடகரை முனைய வாசலில் அவன் பாஸை மிஷினில் காட்டியதும் பச்சை விளக்குக்குப் பதில் சிவப்பு எரிந்தது. காவல் கூண்டுக்குள்ளிருந்து செங்குட்டுவன் தலையை நீட்டினான். இருவரும் பல வருடப் பழக்கம்.

"மாமு, வண்டிய கொஞ்சம் ஓரங்கட்டு."

"இன்னா, பாஸ் அவுட்டா?"

"பாஸ் நல்லாத்தான் கீது. நீதான் சரியில்ல. காலினு காட்டுது."

"யாரப் பாத்து காலின்ற?"

"நான் சொல்லல நைனா. மிஷினு சொல்லுது. நீயே வந்து பாரு."

உபைதுல்லா இறங்கிப்போய்ப் பார்த்தான். திரையில் அவனுடைய புகைப்படம் இருந்தது. அதன் கீழே, வகை: காலிக் கண்டெய்னர். நீளம்: நாற்பது அடி. இடது கதவின் கீல்: துரு. கடைசியாகக் கழுவிய நாள்: தகவல் இல்லை.

அவனுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது.

"குட்டி, நான் தெனம் வரவன். ஒனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும் மாமு. ஆனா எனக்குத் தெரிஞ்சா பத்தாது. காலிப் பெட்டி தானா வண்டி ஓட்டிகினு உள்ள வர ரூல்ஸ் கிடையாது. யாராவது ஒன்ன ஏத்திகினு வந்தா உட்டுடுவேன். இல்லனா ராயபுரம் ஆபீசுக்குப் போய் மாத்திகினு வா."

வண்டி முதலாளி தேவப்பிரியத்துக்குப் போன் செய்தான். அவர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து திருவொற்றியூரில் எட்டு டிரெய்லர்கள் வைத்திருப்பவர். விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டார்.

"பெட்டிய ஏத்திட்டு வரத்தான் உன்னய அனுப்பினேன். நீயே பெட்டியாயிட்டா நான் யார வச்சு ஓட்டுறது? ஒரு வாரம் பாக்கேன். அதுக்குள்ள ஆளா மாறி வந்துரு. இல்லன்னா வேற டிரைவரத்தான் போடணும், சங்கடப்படாத."

வடகரை முனைய ஒழுங்கமைப்புக் கழகம் ராயபுரத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருக்கிறது. முனையத்துக்குள் போகிற வருகிற எல்லாவற்றையும் ஒழுங்கமைப்பது அதன் வேலை. கீழ்த்தளம் மனிதர்களைக் கவனிக்கிறது. அதற்கு 'நங்கூரம்' என்று ஒரு கணினிச் செயலி. மேல்தளம் பெட்டிகளைக் கவனிக்கிறது. அதற்கு 'கலங்கரை' என்று இன்னொரு செயலி. சிக்கனம் கருதி இரண்டுக்கும் ஒரே தரவுத்தளம்தான். அதாவது, ஒரே குழாயில் இரண்டு குடித்தனங்கள் தண்ணீர் பிடிக்கிற ஏற்பாடு. குழாயடியிலாவது இருவரும் பேசிக்கொள்வார்கள். இங்கே, கட்டட வாசல் பலகையில் எந்தத் தளத்தின் பெயர் முதலில் வர வேண்டும் என்ற தகராறுக்குப் பிறகு இரண்டு தளங்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பலகை இன்னும் வெறுமையாகத்தான் தொங்குகிறது.

கீழ்த்தளத்தின் துணை மேலாளர் பாலகணேஷ் உபைதுல்லாவை உட்காரச் சொன்னார். கனிவானவர். தன் கணினித் திரையை அவன் பக்கமாகத் திருப்பினார்.

"நீங்க ஓட்டுநர். ஆண். உயிரோட இருக்கீங்க. எங்க பதிவுல எல்லாம் சரியா இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"கேட்டுல காலிப் பெட்டினு காட்டுது சார்."

"அது கேட்டோட கருத்து."

"இத ஒருவாட்டி மூடிட்டு மறுபடியும் தொறந்து பாருங்க சார். மாறிகினாலும் மாறியிருக்கும்."

பாலகணேஷ் லேசாகப் பதறினார். "இந்தத் திரைய திங்கக்கிழமை காலையில தொறப்போம், சனிக்கிழமை சாயங்காலம் மூடுவோம். நடுவுல தொறந்தா வேற ஏதாவது காட்டும். அப்புறம் எது உண்மைன்னு எனக்கே குழப்பமாயிரும். தகவல் நிலையா இருக்கணும்னா அத அடிக்கடி பாக்கக் கூடாது."

"அப்ப யாரு சார் மாத்தினது?"

"எங்க நங்கூரம் மாத்தல. நங்கூரம் செய்யாத மாற்றம் நங்கூரத்துக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியாத மாற்றம், மாற்றமே கிடையாது. இத நான் உங்களுக்காகச் சொல்லல, இது கழகத்தோட கொள்கை."

ஆனாலும் அவர் உதவ விரும்பினார். காலி இல்லை என்று ஒரு சான்றிதழ் வாங்கி வந்தால் தன்னால் ஆனதைச் செய்வதாகச் சொன்னார். உபைதுல்லா கல்மண்டபம் பக்கத்தில் இருக்கிற டாக்டர் சிலுவையம்மாளிடம் போனான். அவர் முப்பது வருடங்களாக ராயபுரத்துக்காரர்களுக்கு எல்லாவிதமான சான்றிதழ்களும் கொடுத்துப் பழகியவர். எதற்கு என்று கூடக் கேட்கவில்லை. வயிற்றை அழுத்திப் பார்த்து, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு, 'மேற்படி நபரின் உள்ளே இதயம், நுரையீரல், கல்லீரல் மற்றும் காலை உணவு ஆகியவை உள்ளன' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

பாலகணேஷ் அதை இரண்டு முறை படித்தார். முகம் இருண்டது.

"இப்ப விஷயம் பெருசாயிருச்சே. நீங்க காலி இல்ல. அப்படின்னா சரக்கு ஏத்தின பெட்டி. சுங்க முத்திரை இல்லாம உள்ள சரக்கோட ராயபுரம் வரைக்கும் வந்திருக்கீங்க."

"சார், அது என் ஈரல் சார்."

"சரக்கு யாருதுங்கறது இல்ல கேள்வி. முத்திரை எங்கங்கறதுதான் கேள்வி. நீங்க காலியாவே இருந்துட்டா உங்களுக்கு நல்லது. இந்தச் சான்றிதழ நான் பாக்கலன்னு வச்சுக்குவோம்."

வீட்டுக்கு வந்து நடந்ததை எல்லாம் மனைவி தாஹிராவிடம் சொன்னான். அவள் வண்ணாரப்பேட்டைக் கடைகளுக்கு பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள். மிஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மாடியிலதான மாத்துறாங்க?"

"அப்படித்தான் தோணுது."

"அந்த பில்டிங்ல மாடிப்படி கீதா, இல்லியா?"

"கீது. ஆனா நேரா மேல போவக் கூடாதாம். மனு கீழேர்ந்து ஹெட் ஆபீசுக்குப் போய், அங்கேர்ந்து மேல வரணுமாம்."

தாஹிரா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மறுநாள் காலை அவனையும் கூட்டிக்கொண்டு போய், யாரிடமும் கேட்காமல் படியேறினாள். கழக வரலாற்றில் கீழிருந்து மேலே நேராகப் போன முதல் ஆள் அவள்தான் என்று பிறகு சொன்னார்கள்.

மேல்தளத்தில் ஜெனி என்ற அதிகாரி இருந்தாள். இளவயது. வேலையை நேசிப்பவள். பாஸில் இருந்த எண்ணைத் தட்டிப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இதுவா? ரொம்ப நல்ல பெட்டிம்மா. யார்டுல வச்ச எடத்த விட்டு அசையல. ஒரு புகார் கெடையாது. கீல்தான் கொஞ்சம் துரு."

"அது பெட்டி இல்ல. இவருதான் அது," என்று தாஹிரா கணவனைக் காட்டினாள்.

ஜெனி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நிதானமாக விளக்கினாள். உலகத்தில் எல்லாக் கண்டெய்னருக்கும் நான்கு எழுத்தும் ஏழு எண்ணும் கொண்ட ஓர் அடையாளம் உண்டு. சில வருடங்களுக்கு முன்பு கீழ்த்தளத்துக்கு ஓர் ஆலோசகர் வந்து, ஓட்டுநர் பாஸ் எண்கள் உலகத் தரத்தில் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். உடனே அவர்கள் மனிதர்களுக்கும் அதே மாதிரி நான்கு எழுத்தும் ஏழு எண்ணும் போட்டுவிட்டார்கள். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. முந்தாநாள் இரவு அதே எண்ணோடு நிஜமான ஒரு பெட்டி கப்பலில் வந்து இறங்கும் வரைக்கும்.

"அப்போ என் வூட்டுக்காரர்தான் அந்தப் பெட்டினு நெனச்சிகினு அவரு மேல எழுதிட்டீங்க."

"நாங்க மனுஷங்க மேல கைவைக்கறதே இல்லம்மா. கலங்கரைக்கு மனுஷங்களத் தெரியாது, எண்ணத்தான் தெரியும். எங்க எண்ணுக்குள்ள ஒருத்தர் வந்து உக்காந்திருந்தா அதுக்கு நாங்க என்ன பண்ண?"

"சரி. இவருக்கு வேற நம்பர் போட்டுட்டா தீர்ந்துச்சுல்ல?"

"தீர்ந்துரும். ஆனா நம்பர் குடுக்கறது கீழ்த்தளம். நாங்க கீழ பேசறதில்ல."

கீழே இறங்கி பாலகணேஷிடம் சொன்னார்கள். அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். புது எண் கொடுப்பது இரண்டு நிமிட வேலை என்றார். அதற்கு முன்னால், பதிவில் மாற்றம் நடந்திருக்கிறது என்று கீழ்த்தளம் தானாகவே கண்டுபிடிக்க வேண்டும். இன்னொருவர் வந்து சொல்லித் தெரிந்துகொள்வது கண்டுபிடிப்பு ஆகாது. ஆனாலும் ஒரு பெண் படியேறிப் போய்த் தெரிந்துகொண்டு வந்த செய்தி தலைமைக்கு எட்டியதில் கழகத்தின் மானம் போய்விட்டது. அந்த வாரமே 'மாற்றம் கண்டறியும் பிரிவு' தொடங்கப்பட்டது. தலைவர், பாலகணேஷ்.

பிரிவின் முதல் உத்தி எளிமையானது. கீழ்த்தளத்திலிருந்து ஓர் ஊழியர் மணிக்கொரு தரம் மேலே போய், "ஏதாவது மாறியிருக்கா?" என்று கேட்க வேண்டும். மேல்தளம் ஒவ்வொரு முறையும், "மாறல. புதுப்பிச்சிருக்கோம்," என்று பதில் சொன்னது. ஊழியர் இறங்கி வந்து 'மாற்றம் இல்லை' என்று பதிவு செய்தார். மாதக் கடைசியில் வந்த அறிக்கை, கழகத்தில் மாற்றமே நடப்பதில்லை என்று நிரூபித்தது. பாலகணேஷுக்கு அதற்காகப் பாராட்டுக் கடிதம் வந்தது.

இதற்குள் தேவப்பிரியம் கொடுத்த வாரம் முடிந்து, அதற்கு மேலும் அவர் பொறுத்தும் பார்த்துவிட்டார். வண்டியை வேறொருவரிடம் கொடுத்த அன்று அவரே வீடு தேடி வந்து சொன்னார். அவர் போன பிறகு உபைதுல்லா பழக்கதோஷத்தில் வண்டிச் சாவிக்காகச் சட்டைப்பையைத் தடவினான். அதைத் தாஹிரா பார்த்தாள். பார்க்காத மாதிரி அடுப்படிக்குப் போனாள்.

இரண்டாவது உத்தி நவீனமானது. தரவுத்தளத்தில் யார் எதை மாற்றினாலும் கீழ்த்தளத்தில் ஒரு மணி அடிக்கும். தொடக்க விழாவுக்குச் சாமியானா போட்டார்கள். பாதிக்கப்பட்ட பொதுமக்களின் பிரதிநிதி என்று உபைதுல்லாவை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். பாலகணேஷ் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே, நேற்று வரை நம் தரவில் யார் கைவைத்தாலும் நமக்குத் தெரியாது. இன்று முதல் தெரியும். தெரிந்து என்ன செய்வோம் என்று சிலர் கேட்கிறார்கள். தெரிந்துகொள்வோம். அதுதான் முதல் படி. இரண்டாவது படிக்கு இன்னும் நிதி ஒதுக்கப்படவில்லை."

பித்தளை மணி அடித்தது. எல்லாரும் கைதட்டினார்கள். மணி மறுபடியும் அடித்தது. மறுபடியும் கைதட்டினார்கள். அதன் பிறகு மணி நிற்கவே இல்லை. கைதட்டியவர்கள் ஒவ்வொருவராக ஓய்ந்து, காதைப் பொத்திக்கொண்டு வடைத் தட்டு இருந்த பக்கம் ஒதுங்கினார்கள்.

நடந்தது இதுதான். ஒரு மாற்றம் நடந்தால் மணி அடிக்கும். மணி அடித்தால் அதைப் பதிவு செய்ய வேண்டும். பதிவையும் அதே தரவுத்தளத்தில்தான் வைத்தார்கள். அந்தப் பதிவும் தரவுத்தளத்துக்கு ஒரு மாற்றம்தானே. எனவே மணி அடிக்கும். அதையும் பதிவு செய்ய வேண்டும்.

மாலையில் பாலகணேஷ் வியர்த்த முகத்தில் பெருமையோடு உபைதுல்லாவின் தோளில் தட்டினார். மணிச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"மத்தியானத்துக்குள்ள நாலு லட்சம் மாற்றம் கண்டுபிடிச்சிருக்கோம். நாட்டுல வேற எந்தக் கழகமும் கிட்ட வர முடியாது."

"அதுல என்னுது ஒண்ணு கீதா சார்?"

"நாலு லட்சத்துல எங்கயோ இருக்கும். தேடலாம். ஆனா தேடறதும் பதிவாகும். மணி கூட அடிக்கும். ஊழியர்களோட காதையும் நான் பாக்கணும் இல்லையா?"

அக்கம்பக்கத்தார் போலீசுக்குப் போன பிறகு மணியின் நாக்கில் துணியைச் சுற்றினார்கள்.

கடைசியில் கழகம் ஒரு பொது முடிவுக்கு வந்தது. இரண்டு தளங்களும் ஒரே எண்ணைப் பற்றி வேறு வேறாகச் சொன்னால், கடைசியாக எழுதியவர் சொல்வதே உண்மை. கீழ்த்தளம் திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமைதான் திரையைத் திறக்கும். மேல்தளம் மணிக்கொரு தரம் எழுதும். எனவே உண்மை மேல்தளத்தில் குடியேறியது. உபைதுல்லா முறைப்படி பெட்டியானான். அதற்கு ஒரு வாரம் கழித்து அந்தப் பெட்டியின் கீல் முழுக்கப் போய்விட்டது என்று கலங்கரை அதைப் பழைய இரும்பாக ஏலத்தில் விட்டது. உபைதுல்லாவின் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. 'உங்கள் எண்ணுக்குரிய பொருள் பயனற்றது எனத் தீர்மானிக்கப்பட்டு விற்கப்பட்டது. ஒத்துழைப்புக்கு நன்றி.'

அதைப் படித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது செங்குட்டுவன் போன் செய்தான். குரல் தாழ்ந்திருந்தது.

"மாமு, தப்பா எடுத்துக்காத. ஒன்ன எடுத்துகினு போவ ஆளு வந்துகீது."

உபைதுல்லா போனபோது முனைய வாசலில் அமான் என்ற பழைய இரும்பு வியாபாரி லாரியோடு நின்றிருந்தார். வியாசர்பாடியில் யார்டு வைத்திருப்பவர். கையில் கழகத்தின் ஒப்படைப்பு ஆணை. திரையில் அந்த எண்ணைத் தட்டினால் உபைதுல்லாவின் முகம். திரையில் காட்டுவதைத்தான் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி.

"நான் இரும்பு வாங்கினேன் தம்பி. ஆளு வாங்கல," என்றார் அமான்.

"அவர எடுத்துக்கோ பாய். நீ கையெழுத்துப் போடற வரைக்கும் பின்னால ஒரு வண்டியும் நவுறாது," என்றான் செங்குட்டுவன். அவன் உபைதுல்லாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

இத்தனை வருடம் தன்னோடு வரிசையில் நின்ற டிரைவர்கள் எல்லாரும் கதவுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உபைதுல்லாவுக்குக் காது மடல்கள் எரிந்தன. ஓடிவிடலாமா என்று தோன்றியது. விற்கப்பட்ட பொருள் ஓடினால் அதற்கு ஒரு விதி இருக்கும் என்றும் தோன்றியது. அமான் அவனை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"ஏறு. இன்னா ஓட்டுவ?"

"டிரெய்லர், பாய்."

"எங்கிட்ட ரெண்டு லாரி, ஒரு பழைய டிரெய்லர் கீது. டிரைவர் போன வாரம்தான் ஊருக்குப் பூட்டான். இங்க உக்காரு." அவர் தான் ஓட்டி வந்த லாரியின் டிரைவர் இருக்கையைக் காட்டினார்.

வீட்டில் சொன்னபோது தாஹிரா சிரிக்கவில்லை. உஸ்மாதான் முதலில் சிரித்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"வித்துட்டாங்க தாஹிரா. என்னிய. எல்லார் எதிர்லயும்."

அவள் சோற்றைத் தட்டில் வைத்தாள்.

"வாங்கினவரு நல்ல மனுஷன்தான?"

"நல்ல மனுஷன்தான்."

"அப்பனா வித்தவங்களுக்குத்தான் நஷ்டம். சாப்புடு."

கழகத்தில் அந்த மாதம் ஒரே கொண்டாட்டம். அந்த எண்ணைப் பற்றி நங்கூரமும் கலங்கரையும் முதல் தடவையாக ஒரே சொல்லைக் காட்டின. 'ஒப்படைக்கப்பட்டது.' மாற்றங்களை ஒத்திசைவு செய்வதில் மாபெரும் வெற்றி என்று சுவரொட்டி ஒட்டினார்கள். பாலகணேஷ் மற்ற ஊர்களுக்குப் போய் வகுப்பெடுக்கத் தயாரானார்.

ஒரே ஒரு சிக்கல்தான். நிஜமான பெட்டி யார்டிலேயே இருந்தது. அதுவும் கிரேன் போகிற தடத்தின் நடுவில். பதிவின்படி அங்கே எதுவும் இல்லை. இல்லாத ஒன்றைத் தூக்க எந்தக் கிரேன்காரருக்கும் உத்தரவு கொடுக்க முடியாது. டிரெய்லர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போயின. ஒன்று அதில் மோதியது. எதில் மோதியது என்று எழுத முடியாமல் விபத்து அறிக்கை நின்றுபோனது. மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று தகவல் வந்ததும், பாலகணேஷும் ஜெனியும் ஒரே ஆட்டோவில் தண்டையார்பேட்டைக்கு வந்தார்கள். கையில் ஆப்பிள் பழப் பை. இருவரும் ஒருவரோடொருவர் பேசவில்லை, ஆட்டோக்காரரிடம் தனித்தனியாக வழி சொன்னார்கள்.

தாஹிரா அவர்களை உட்கார வைத்து டீ கொடுத்தாள்.

"அந்தப் பெட்டிய நீங்கதான் எடுத்துட்டுப் போகணும்," என்றார் பாலகணேஷ். "கணக்குப்படி அது போயாச்சு. அது போனப்ப நீங்கதான் போனீங்க. அதனால மிச்சம் இருக்கறத நீங்க வந்து எடுத்துட்டா எல்லாம் சரியாயிரும்."

"வரேன் சார். நான் இன்னாவா உள்ள வரணும்? டிரைவராவா, பெட்டியாவா?"

பாலகணேஷ் ஜெனியைப் பார்த்தார். பேச்சுவார்த்தை நின்று போனதற்குப் பிறகு இரண்டு தளங்களும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அந்த வீட்டுக் கூடத்தில்தான். ஓட்டுநர் என்றால் பாஸ் வேண்டும், எண் இல்லை என்றாள் ஜெனி. பெட்டி என்றால் ஒப்படைத்தாயிற்று, திரும்ப வர முடியாது என்றார் பாலகணேஷ். ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டுக் கடைசியில் அவர் சொன்னார்.

"பார்வையாளரா வாங்களேன்."

"பார்வையாளர் வண்டி ஓட்டக் கூடாதுன்னு நீங்கதான் விதி போட்டிருக்கீங்க," என்றாள் ஜெனி.

தாஹிரா அதுவரை வாசற்கதவில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"உங்களுக்கு அந்தப் பெட்டி போவணுமா, வேணாமா?"

"போகணும்மா," என்றார்கள் இருவரும். அதில் மட்டும் ஒரே குரல்.

"அப்ப நாளைக்கு எங்க வூட்டுக்காரரு வருவாரு. அவரு இன்னானு யாரும் கேக்காதீங்க."

மறுநாள் காலை உபைதுல்லா அமானின் டிரெய்லரை ஓட்டிக்கொண்டு போனான். அமான் பக்கத்தில் இருந்தார். வடகரை முனைய வாசலில் வண்டி நின்றதும் செங்குட்டுவன் கூண்டை விட்டு வெளியே வந்தான். கூண்டுக்குப் பின்னால் போய்ச் சுவரில் இருந்த மின்பெட்டியைத் திறந்து மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினான். வாசலில் திரை அணைந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது. பச்சை விளக்கும் இல்லை. அவன் தடுப்புக் கம்பத்தைத் தோளால் முட்டி மேலே தூக்கினான்.

"கரண்டு இல்ல மாமு. நீ யாருனு கேக்க இங்க ஆளு இல்ல. போ."

உபைதுல்லா கியரைப் போட்டான். பின்னால் நின்ற டிரைவர்கள் எல்லாரும் அந்தத் திறந்த வழியைப் பார்த்ததும் அவனுக்குப் பின்னாலேயே வரிசையாக உள்ளே போனார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அந்த வாசலில் அவ்வளவு வேகமாக வண்டிகள் நகர்ந்ததை அவன் பார்த்ததே இல்லை.

பெட்டியை அப்போதுதான் முதல் தடவையாக நேரில் பார்த்தான். மங்கிய நீல நிறம். ஒரு பக்கம் நசுங்கல். கதவு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கதவின் மேல் அந்த எண். அதை அவன் ஒரு முறை படித்தான், தன் பாஸை எடுத்துப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. கிரேன்காரர் மேலிருந்து கையால் சைகை காட்டிவிட்டு, எந்த உத்தரவும் இல்லாமல், கண்ணால் பார்த்தே அதைத் தூக்கி டிரெய்லரில் வைத்தார்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் திரும்பி, தண்டையார்பேட்டையைத் தாண்டி, மூலக்கொத்தளம் வழியாக வியாசர்பாடி யார்டுக்குக் கொண்டுவந்து இறக்கினான். வெட்டுகிற ஆள் கேஸ் கட்டரைப் பற்றவைத்துக்கொண்டு பெட்டியைச் சுற்றி வந்தான். அமான் ஸ்டூலில் உட்கார்ந்து உபைதுல்லாவைப் பார்த்தார்.

"எங்கேர்ந்து வெட்டச் சொல்லலாம்? நீயே சொல்லு."

உபைதுல்லா இரண்டு டீ சொல்லிவிட்டுப் பெட்டிக் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"நம்பர்லேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லு பாய்."